பழைய சொகுசுக் காருக்குச் சரியான டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1962இல் தயாரான ஜாகுவார் மார்க் 2 ஒன்றை நான் வாங்கியபோது, அதன் நான்கு டயர்களும் புத்தம்புதியவையாக இருந்தன. பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ள மேற்பரப்பு) தேயவில்லை, பக்கவாட்டில் வெடிப்பு இல்லை, தயாரித்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே இன்ஜின், பிரேக், மின்கம்பிகள் என்று மற்றவற்றைக் கவனித்தேனே தவிர, டயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அடுத்த பதினொரு மாதங்களில் அந்தக் காருக்கு இரண்டு முறை முழுத் தொகுதி டயர் வாங்க வேண்டியதாயிற்று. காரோடு வந்தவை அளவிலேயே தவறானவை. அவற்றுக்குப் பதிலாக நான் வாங்கியவை அளவில் சரியாக இருந்தாலும், தவறான டியூபோடு பொருத்தப்பட்டதால் ஒன்று ஓட்டத்திலேயே கெட்டது. மற்ற மூன்றையும் நம்ப முடியாமல் ஒதுக்கினேன். மூன்றாவது தொகுதிதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால், குறிப்பாக ரிம்மை அளக்காமல் டயருக்குப் பணம் கட்டினால், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. காரில் இப்போது இருக்கும் டயரை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, காரில் உள்ள டயரின் பக்கவாட்டைப் படித்து அதே அளவைத் தேடுவது. அறுபது ஆண்டு பழைய கார் ஒன்று ஐந்தாறு உரிமையாளர்களைக் கண்டிருக்கும். அவர்களில் யாரோ ஒருவர் அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார். உரிமையாளர் கையேடு, பழுதுநீக்கக் கையேடு, உதிரிபாகப் பட்டியல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது தேடிப் பிடியுங்கள். மாடலின் பெயர் மட்டும் போதாது. சேஸிஸ் எண்ணை வைத்து உங்கள் கார் எந்த ஆண்டு, எந்தத் தொடர் என்பதை உறுதிசெய்த பிறகே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனெனில் ஒரே பெயரில் விற்ற காருக்கே ஆண்டுக்கு ஆண்டு டயர் மாறியிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ 1965இல் 8.45-15 கிராஸ்ப்ளை டயரோடு, அதாவது உள் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் பழைய வகையோடு வந்தது (இந்த எண்களின் பொருளை மூன்றாம் படியில் சொல்கிறேன்). பிறகு 205 ஆர் 15 ரேடியலுக்கு, அதாவது இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகைக்கு மாறியது. 1974இல் 235/70 ஆர் 15 வந்தபோது அதற்கு இடம் கொடுப்பதற்காகச் சக்கர வளைவுகளையே வெளிப்புறமாக விரித்தார்கள். ஆகவே "சில்வர் ஷேடோவுக்கு 235/70" என்று யாரோ சொன்னதை நம்பி அதை முற்பட்ட காரில் மாட்டினால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதோ பின்னால் ஆட்கள் ஏறும்போதோ டயர் எங்கே உரசும் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை வரும்.

2. ரிம்மைக் கழற்றி அளந்துவிடுங்கள்

கையேடு சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்த சக்கரத்துக்கு. உங்கள் காரில் இருப்பது அதே சக்கரம்தானா என்பது வேறு கேள்வி. ஒரு சக்கரத்தைக் கழற்றி, டயரையும் எடுத்துவிட்டு, மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரிம்மின் விட்டம், உள் அகலம், வால்வு துளையின் விட்டம்.

உள் அகலத்தை அளப்பதில் பலரும் தவறுகிறார்கள். டயரின் விளிம்பு உட்காரும் இரு சுவர்களுக்கு இடையே உள்ள தூரம்தான் ரிம்மின் அகலம். வெளிப்புறத்தில் நாடாவை வைத்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும். அந்த ஓர் அங்குலத்தை நம்பி அகலமான டயரை வாங்கினால், அது குறுகிய ரிம்மில் பிதுங்கி உட்கார்ந்து, ஓரம் தேயாமல் நடுப்பகுதி மட்டும் தேயும். ஒவ்வொரு டயருக்கும் எந்த அகலம் முதல் எந்த அகலம் வரையிலான ரிம் பொருந்தும் என்பதை டயர் தயாரிப்பாளர் வெளியிட்டிருப்பார். உங்கள் எண் அதற்குள் இருக்க வேண்டும்.

விட்டத்தில் இன்னும் ஆபத்தான கண்ணி ஒன்று உண்டு. எல்லாச் சக்கரங்களும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை அல்ல. முற்பட்ட சிட்ரோயன் டி.எஸ். கார்களின் ரிம் 400 மி.மீ.; 16 அங்குலம் என்பது 406.4 மி.மீ. வித்தியாசம் ஆறு மி.மீ.தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 16 அங்குல டயர் அந்த ரிம்மில் இறுகப் பிடிக்காது. 1970களிலும் 80களிலும் சில உயர்தரக் கார்களில் வந்த மிஷலின் டி.ஆர்.எக்ஸ். சக்கரங்களும் இப்படித்தான். அவற்றின் விட்டம் 390, 415 என்று மி.மீ. கணக்கில் இருப்பதோடு, ரிம் விளிம்பின் வடிவமே வேறு. அந்தச் சக்கரத்துக்கு அதற்கென்றே செய்த டயர்தான். வேறு எதையும் "கொஞ்சம் தட்டி" ஏற்ற யாராவது முன்வந்தால், சக்கரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

டயர் கழன்றிருக்கும்போதே ரிம்மில் துரு, வெல்டிங் தடம், விரிசல், நெளிவு ஆகியவற்றையும் பாருங்கள். ஸ்போக் சக்கரமானால் ஒரு சாவியால் ஒவ்வொரு ஸ்போக்கையும் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது சத்தமின்றி அடங்கிவிடும். என் காரின் பின்சக்கரம் ஒன்றில் அடுத்தடுத்து நான்கு ஸ்போக்குகள் அப்படி அடங்கின. அந்தச் சக்கரத்தைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆயிற்று. டயர் வந்து சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால், வேலையெல்லாம் மூன்று வாரம் நின்றுபோயிருக்கும்.

3. பழைய அளவை இன்றைய அளவாக மாற்றும்போது கணக்குப் போடுங்கள்

6.40-15 என்றால் டயரின் அகலம் 6.40 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பக்கவாட்டின் உயரம் எவ்வளவு என்பது அந்தக் குறியில் இல்லை. வாசிப்பவருக்கே தெரியும் என்பது அக்காலத்து வழக்கம். பொதுவாக 6.00, 6.50, 7.00 என்று முடியும் அளவுகளில் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், 6.40, 6.70, 8.20 போன்றவற்றில் உயரம் சற்றுக் குறையும். அதற்கும் முற்பட்ட கார்களில் 820 × 120 என்பதுபோல் எழுதியிருந்தால், முதல் எண் ரிம்மின் விட்டமன்று, டயரின் மொத்த விட்டம். அந்த வகை ரிம்மில் டயரைக் காற்றழுத்தமே பிடித்து நிறுத்துகிறது என்பதால், அதைக் கையாள்வது தனிப் பயிற்சி உள்ளவரின் வேலை.

ஐரோப்பிய ரேடியல்கள் வந்த பிறகு அகலத்தை மி.மீ.இல் 185 ஆர் 15, 205 ஆர் 15 என்று எழுதினார்கள். இங்கே உயர விகிதம் (பக்கவாட்டின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; 235/70இல் 70) குறிப்பிடப்படவில்லை என்றால் அது சுமார் 80 முதல் 82 சதவீதம் என்று கொள்ள வேண்டும். இதுதான் என் காரின் முந்தைய உரிமையாளரை ஏமாற்றிய இடம். மார்க் 2இன் 6.40-15க்குப் பொருத்தமான ரேடியல் 185 ஆர் 15. அவர் வாங்கியதோ 185/65 ஆர் 15. "அகலமும் 185, ரிம்மும் 15, இரண்டும் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். 15 அங்குலம் என்பது 381 மி.மீ. 185இல் 80 சதவீதம் 148. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 296. ஆக மொத்த விட்டம் 677 மி.மீ. அதே 185இல் 65 சதவீதம் 120. இரண்டு மடங்கு 240. மொத்தம் 621 மி.மீ. 56 மி.மீ. வித்தியாசம். கார் தரையை நோக்கி 28 மி.மீ. இறங்கிவிடுகிறது, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் 92தான், அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் நெடுஞ்சாலையில் இரைந்துகொண்டே இருந்ததற்கு நான் கியர்பாக்ஸைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

நான் வைத்துக்கொண்ட வரம்பு இது: புதிய டயரின் மொத்த விட்டம் மூல டயரின் விட்டத்திலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஆனால் விட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. மேலே சொன்ன 205 ஆர் 15க்கும் 235/70 ஆர் 15க்கும் விட்டத்தில் வித்தியாசம் அதிகபட்சம் ஏழு மி.மீ.தான், அகலத்திலோ 30 மி.மீ. இருக்கிறது.

1960களின் பிற்பகுதிக் கார்களில் எழுத்தில் தொடங்கும் அளவுகளும் வரும். 1968இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.6இன் ஈ70 வி.ஆர் 15 என்பதை இன்று 205/70 ஆர் 15 என்று தேட வேண்டும்.

4. கிராஸ்ப்ளையா, ரேடியலா என்பதை முடிவுசெய்யுங்கள்

பேச்சுவழக்கில் நைலான் டயர் என்று சொல்லப்படுவதுதான் கிராஸ்ப்ளை. பழைய கார் அதில்தான் பிறந்தது என்றால், அதன் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் அதற்கே அமைக்கப்பட்டவை. மெதுவாக ஓட்டும்போது ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும், தோற்றமும் காலத்துக்குப் பொருந்தும். குறை என்னவென்றால், சாலையில் பள்ளக் கோடுகள் இருந்தால் கார் அவற்றின் போக்கில் இழுபடும். ஈரத்தில் பிடிப்புக் குறையும். இரவு முழுதும் நின்ற காரை காலையில் எடுத்தால், டயரின் அடிப்பகுதி தட்டையாகிப்போய் முதல் சில கி.மீ. வரை அதிரும். ரேடியலில் பிடிப்பும் நேரோட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத காரை நிறுத்துமிடத்தில் திருப்ப அதிக வலு வேண்டும். வளைவில் ரிம்மின் மேல் அது ஏற்றும் சுமையும் கூடுதல் என்பதால், பழைய ரிவெட் சக்கரங்களும் தளர்ந்த ஸ்போக் சக்கரங்களும் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

என் தீர்ப்பு இது: கார் தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு ரேடியலை அனுமதித்திருந்தால், ஓட்டுவதற்காகவே கார் வைத்திருப்பவர் ரேடியலுக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கார் என்றால், சக்கரங்களை அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாதவரை கிராஸ்ப்ளையை விடாதீர்கள். வெளித்தோற்றத்தில் கிராஸ்ப்ளைபோல உயரமும் ஒடுக்கமுமாக, உள்ளே ரேடியலாகச் செய்த டயர்களும் இப்போது வருகின்றன. அவை நல்லவையே, ஆனால் அவற்றுக்கும் சக்கரத்தின் வலு பற்றிய அதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டையும் கலக்கவே கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் கிராஸ்ப்ளையும் இருப்பது நேரடி ஆபத்து. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்ப்ளை என்பதும் அப்படித்தான். முன்பக்கம் சாலையைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வளைவில் வழுக்கிச் சுழன்றுவிடும். பல நாடுகளில் இது சட்டப்படியும் குற்றம். ஸ்டெப்னியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; பஞ்சரான நாளில் கலப்பு நேர்வது அதனால்தான்.

5. எடைக் குறியும் வேகக் குறியும்

சொகுசுக் கார்கள் கனமானவை. சில்வர் கிளவுட் போன்ற கார் ஆளில்லாமலே ஏறத்தாழ இரண்டு டன் இருக்கும். அளவு பொருந்தும் டயர் எல்லாம் அந்த எடையைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். காரை எடைமேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே, ஆட்களும் சாமானும் ஏற்றிய நிலையில் எடை போடுங்கள். பின் அச்சில் 1,300 கிலோ வந்தால், ஒரு டயருக்கு 650 கிலோ. ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்தான் எடைக் குறி: 93 என்பது சரியாக 650 கிலோ, 95 என்பது 690, 98 என்பது 750, 100 என்பது 800. நான் என்றால் 93ஐத் தொட மாட்டேன். 98க்குக் கீழே இறங்க மாட்டேன்.

வேகத்துக்கு எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி 190, எச் 210, வி 240. காரின் உச்ச வேகத்தை வைத்தே இதைத் தேர்ந்தெடுங்கள், நீங்கள் ஓட்டப்போகும் வேகத்தை வைத்து அல்ல. மார்க் 2இன் 3.8 லிட்டர் கார் மணிக்கு 200 கி.மீ. எட்டக்கூடியது, அதற்கு எச் வேண்டும். பழைய டயர்களில் இந்த எழுத்து அளவுக்கு நடுவிலேயே வரும்: 185 எச்.ஆர் 15 என்பதில் எச் வேகம், ஆர் ரேடியல்.

6. டியூபையும் வால்வையும் டயருக்கு இணையாக மதியுங்கள்

இந்தப் படியை நான் கடைசியில் நினைத்துக்கொண்டேன். அதன் விலை ஒரு தொகுதி டயர்.

ஸ்போக் துளைகள் உள்ள ரிம்மும், ரிவெட் அடித்த ரிம்மும் காற்றைப் பிடித்து வைக்காது. டயர் டியூப்லெஸ் ஆக இருந்தாலும் உள்ளே டியூப் வேண்டும். டியூப் அளவுக்குப் பொருந்த வேண்டும். ரேடியல் டயரானால், ரேடியலுக்கு ஏற்றது என்று டியூபின் மேல் எழுதியிருக்க வேண்டும். ஸ்போக் தலைகளை மூடும் ரிம் டேப் புதிதாக இருக்க வேண்டும்.

வால்வு துளைகள் பெரும்பாலும் இரண்டு அளவில் வரும்: சுமார் 11.5 மி.மீ., சுமார் 16 மி.மீ. டி.ஆர். 13 எனப்படும் ரப்பர் வால்வு சிறிய துளைக்கு, டி.ஆர். 15 பெரிய துளைக்கு. என் சக்கரங்களின் துளை பெரியது. பொருத்தியவர் கையிலிருந்த டியூபோ மெல்லிய வால்வு உள்ளது. மாட்டிய அன்று எதுவும் தெரியவில்லை. அறுபதாவது கி.மீ.இல் பின்பக்கம் கனத்து, காரின் வால் மிதப்பதுபோல் ஆடியது. ஓரங்கட்டுவதற்குள் டயர் காலியாகிவிட்டது. டியூபை வெளியே எடுத்துப் பார்த்தபோது, வால்வின் அடியில் ரப்பர் பிறைவடிவில் கிழிந்திருந்தது. வால்வுத் தண்டின் ஒரு பக்கம் துளையின் ஓரத்தில் உராய்ந்து பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. துளை பெரிதாக இருந்ததால் வால்வு அதில் நிற்காமல் ஒவ்வொரு சுற்றிலும் அசைந்திருக்கிறது. காற்றில்லாமல் ஓடிய சில நூறு மீட்டரில் டயரின் உட்புறம் கறுப்புத் தூளாக உதிர்ந்திருந்தது. மற்ற மூன்றைத் திறந்தபோது, அவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருந்த காகித முத்திரைகள் டியூபைத் தேய்த்திருந்தன.

ஆகவே பொருத்துபவரிடம் இவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். டயரின் உட்புறக் காகித முத்திரைகளைச் சுரண்டி எடுத்து, உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டு) தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக் முனைகளை ராவி மழுங்கடிக்க வேண்டும். டியூபுக்கும் டயருக்கும் இடையே டால்கம் பவுடர் தூவ வேண்டும். காற்றை அடித்து, முழுவதும் வெளியேற்றி, மறுபடி அடிக்க வேண்டும். டியூபில் விழுந்த மடிப்புகள் அப்போதுதான் விரியும். வால்வு துளையில் ஆடாமல், சாயாமல் நிற்கிறதா என்று நீங்களே விரலால் பாருங்கள்.

7. தயாரித்த வாரத்தைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

அரிய அளவு டயர்கள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களே வயது: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடைசியில் மூன்று இலக்கங்களே இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் செய்யப்பட்டது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், அதை ஓட்டுவதற்கு வாங்காதீர்கள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுவதும், பத்தாண்டில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவதும் தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் நெறி. பழைய கார்கள் குறைவாக ஓடுவதால், அவற்றின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. அனுப்புவதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களின் புகைப்படத்தை ஸ்டெப்னி சேர்த்து ஐந்து டயருக்கும் கேட்டு வாங்குங்கள்.

8. வெள்ளைப் பட்டை வேண்டுமென்றால்

வெள்ளை ரப்பர் டயரோடு சேர்த்தே வார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். ரிம்முக்கும் டயருக்கும் இடையே செருகும் தனி வளையங்கள் பக்கவாட்டை உரசிக்கொண்டே இருக்கும். நெடுந்தூரம் ஓட்டுகிற காருக்கு அவை ஆகா. பட்டையின் அகலம் காலத்தைச் சார்ந்தது: 1950களின் அகலப் பட்டை 1960களின் நடுவில் வந்த காருக்குப் பொருந்தாது. புதிய டயரில் பட்டையின் மேல் பூசியிருக்கும் நீலப் பூச்சைப் பொருத்தியதும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

9. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும். கையேட்டில் டயர் அளவும் காற்றழுத்தமும் உள்ள பக்கத்தின் நகல். உங்கள் ரிம்மின் அளவைக் குறிப்பிட்டு, இன்ன டயர் அதற்குப் பொருந்தும் என்று டயர் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ எழுத்தில் தந்த பதில். வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. அளவு, எடைக் குறி, வேகக் குறி, தயாரித்த வாரம் ஆகிய நான்கும் எழுதிய பில். எடைமேடைச் சீட்டு.

பதிவுச் சான்றிதழிலேயே டயர் அளவை எழுதும் நாடுகள் உண்டு. அங்கே கிராஸ்ப்ளையிலிருந்து ரேடியலுக்கு மாறுவதற்கு முன் அதிகாரிகளின் ஒப்புதல் தேவைப்படலாம். வாங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, கிடைத்த பதிலைக் கோப்பில் வையுங்கள். காருக்குப் பழங்கார்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ.வின் அடையாள அட்டை வாங்கும் எண்ணம் இருந்தால், மாற்றங்களும் அதில் பதிவாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, புதிய டயருக்கான சுங்கத் தலைப்பு 4011, டியூபுக்கு 4013. இரண்டையும் ஒரே வரியில் எழுதிய பில்லால் என் பெட்டிகள் ஒன்பது நாள் சுங்கத்தில் கிடந்தன. தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் நாட்டில் இறக்குமதி டயருக்குக் கட்டாயத் தரமுத்திரை உண்டா, பழங்கார் டயருக்கு விலக்கு உண்டா என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் டயரில் எரிபொருள், ஈரப்பிடிப்புத் தர அட்டை இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். 1990 அக்டோபர் 1க்கு முன் முதன்முறை பதிவான கார்களுக்கென்றே செய்த டயருக்கு அந்த அட்டையிலிருந்து விலக்கு இருக்கிறது.

10. செலவையும் காலத்தையும் முன்னதாகக் கணக்கிடுங்கள்

நான்கு அல்ல, ஐந்து டயர் வாங்குங்கள். ஸ்டெப்னிதான் பெரும்பாலும் காரிலேயே வயதான டயர். புதிய அளவு ஸ்டெப்னி வைக்கும் குழியில் அடங்குமா என்பதையும் பாருங்கள்.

டயரின் விலை, மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். என் கணக்கில் அது பாதியைச் சற்றே தாண்டியது. மீதி டியூப், ரிம் டேப், ஸ்போக் வேலை, சரக்குக் கட்டணம், வரி, பொருத்துகூலி, பேலன்ஸிங், அலைன்மென்ட் என்று போயிற்று. சரக்குக் கட்டணத்தில் பலரும் திடுக்கிடுவார்கள். விமானக் கூரியர்கள் டயரின் உண்மை எடைக்கு அல்லாமல் அது அடைக்கும் இடத்துக்குக் கட்டணம் வாங்குவார்கள். 71 செ.மீ. விட்டமும் 23.5 செ.மீ. அகலமும் உள்ள டயர் ஒன்றின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, வழக்கமான வகுப்பெண் 5000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 கிலோ வரும். தராசில் அது அவ்வளவு இருக்காது. கப்பலில் வர ஆகும் காலத்தைப் பொறுக்க முடியுமானால், பணம் கணிசமாக மிஞ்சும்.

காலத்தைப் பொறுத்தவரை, அரிய அளவுகளை எப்போதும் தயாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு தொகுப்பு செய்து, அது விற்றுத் தீர்ந்து, போதுமான ஆர்டர் சேர்ந்த பிறகே அடுத்தது வரும். "அடுத்த தயாரிப்பு எந்த மாதம்" என்று நேரடியாகக் கேளுங்கள். ரிம்மை அளந்த நாளிலிருந்து டயர் மாட்டிய நாள் வரை எனக்குப் பதினான்கு வாரம் ஆயிற்று. ஊர்வலம், கண்காட்சி என்று ஏதாவது தேதி மனதில் இருந்தால், ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

11. பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள்

நாட்பட்ட சக்கரங்களைக் கையாண்ட இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஸ்போக் சக்கரத்துக்கு பேலன்ஸிங் இயந்திரத்தில் தனி அடாப்டர் வேண்டும். சக்கரம் ஹப்பில் எந்தச் சரிவுப் பரப்புகளில் உட்காருமோ அதே பரப்புகளில்தான் இயந்திரத்திலும் உட்கார வேண்டும். சாதாரணக் கூம்பைச் செருகிச் சுழற்றினால், திரையில் சுழியம் காட்டும், சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். "ஸ்போக் வீலுக்கு அடாப்டர் இருக்கிறதா" என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் போக வேண்டாம். குரோம் பூசிய ரிம்மில் கவ்வும் எடைகளை விடுத்து, உட்புறத்தில் ஒட்டும் எடைகளையே வைக்கச் சொல்லுங்கள்.

கிராஸ்ப்ளையிலிருந்து ரேடியலுக்கு மாறினால், முன்சக்கரங்களின் முன்முனைகள் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்பதையும் (டோ-இன்) புதிதாக அமைக்க வேண்டும். கையேட்டில் உள்ள எண் கிராஸ்ப்ளைக்கு உரியது. காற்றழுத்தத்துக்கும் இதே விதிதான். ரேடியலுக்கு எவ்வளவு என்பதை டயர் தயாரிப்பாளரிடமே, உங்கள் அச்சு எடைகளைச் சொல்லிக் கேளுங்கள். அலகிலும் கவனம் தேவை: 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.; பழைய கையேடுகளில் வரும் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்பது 14.2. ரேடியலின் அடிப்பகுதி இயல்பாகவே சற்றுப் பிதுங்கி நிற்கும். அதைப் பார்த்துக் காற்றுக் குறைவு என்று எண்ணி அதிகமாக அடித்துவிடாதீர்கள்.

12. முதல் 150 கி.மீ.

புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பச்சின் வழவழப்பு மிச்சமிருக்கும். முதல் 150 கி.மீ. வரை அவசர பிரேக்கும் வேகமான திருப்பமும் இல்லாமல் ஓட்டுங்கள், ஈரச் சாலையில் இன்னும் கவனமாக. நடுவில் பெரிய காது நட்டு உள்ள சக்கரமானால், 40, 50 கி.மீ. ஓடியதும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் நட்டை மறுபடி இறுக்குங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். கழற்றும் திசை நட்டின் மேலேயே அம்புக்குறியோடு எழுதியிருக்கும், தட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

காரை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், காற்றழுத்தத்தைச் சில பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள், மாதம் ஒருமுறை சக்கரம் கால் சுற்றாவது சுற்றும்படி நகர்த்துங்கள், கம்ப்ரசரோ வேறு மின்மோட்டாரோ ஓடும் அறையில் நிறுத்தாதீர்கள், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். மறுபடி எடுக்கும் நாளில் அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அளந்து, ஓட்டத்துக்கு உரிய அளவுக்குக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள்.